அண்ணியை மனைவியாக்கிய கேப்ஷன்

வேட்பாளரோடு பிரசாரத்துக்கு வரும் மனைவியைப் படமெடுப்பதில் நான் செய்த தவறுகள் இவை. குன்னூர் தேர்தல் பிரசாரத்தில் பத்திரிகைக்காக நான் எடுத்த நல்ல படம் ஒன்று தப்பான கேப்ஷனோடு அச்சேறியது. ஜீப்பில் வேட்பாளருக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றவரை 'மனைவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அண்ணி. மனைவி பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். படத்தில் அவருடைய வளையல் போட்ட கை மட்டும்தான். காலை ஆறரைக்கே போன் வந்தது. வாங்கிய பேச்சு இங்கே வேண்டாம். இப்போதெல்லாம் வண்டி கிளம்பும் முன்பே யார் யார், என்ன நிறப் புடவை என்று நோட்டில் குறித்துவிடுகிறேன்.

இன்னொரு தவறு, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, அகலமான எஃப் 2.8-இல் வைத்துவிட்டு மறப்பது. மனைவி பெரும்பாலும் ஓரடி தள்ளித்தான் நிற்பார். ஃபோகஸ் முன்னால் இருக்கும் முகத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் முகம் மங்கிவிடும். திறப்பைச் சுருக்கி எஃப் 5.6-க்குப் போங்கள், குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். 24 எம்எம் அகலக் கோண லென்ஸோடு கிட்டே போய் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் கன்னம் இழுபடும். அந்த ஓரமும் அவருக்குத்தான் வாய்க்கும், பாவம்.

வெள்ளை வேட்டி சட்டை, பின்னால் வெள்ளை மூடுபனி. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அத்தனையையும் சாம்பலாக்கி முகத்தைக் கறுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குங்கள். மலையடிவாரத்துச் சூட்டில் இருக்கும் மேட்டுப்பாளையமும் நீலகிரி மக்களவைத் தொகுதிதான், அதனால் ஒரே நாளில் அங்கேயும் இறங்க வேண்டிவரும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் குளிர்ந்த கேமராவை ஏசி காரிலேயே கீழே கொண்டுவந்து சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை பையிலேயே இருக்கட்டும்.

ஆரத்தி எடுக்கும்போது எல்லோரும் பொட்டு வைக்கிற நொடிக்காகக் காத்திருப்பார்கள். அடுத்த நொடி தட்டில் ரூபாய் நோட்டு விழும். "அண்ணே, அந்த நோட்ட மட்டும் வெட்டிருங்க" என்று காதோரம் ஒரு குரல் வரும். வெட்டாதீர்கள். நடந்ததை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அதேபோல, "குழந்தையத் தூக்கிக்கங்கம்மா" என்று மனைவியிடம் போஸ் கேட்காதீர்கள். பிரசாரத்தில் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்வது உட்பட எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது.

இரவு 10 மணிக்கு மைக் அணைந்ததும் மூட்டை கட்டுவதும் தவறுதான். ஒருமுறை கோத்தகிரி டீக்கடையில், ஸ்வெட்டர் போடாமல் வந்ததற்காக ஒரு வேட்பாளரை மனைவி திட்டித் தீர்த்தார். அவர் தலையைக் குனிந்தபடி, கொடுத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பட்டன் போட்டார். நான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.