தடைக்காலம் முடியுமுன் விசைப்படகின் உயிர்காப்புக் கருவிகளைச் சோதிக்கும் முறை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இந்த நாள்களில் அடிப்பலகை, எஞ்சின், பெயிண்ட், வலை என்று பணமும் உழைப்பும் ஓடிவிடுவதால், உயிர்காப்புக் கருவிகள் பெரும்பாலும் கடைசி நாளுக்குத் தள்ளப்படுகின்றன. பழுதானதை மாற்ற அவகாசம் வேண்டுமென்பதால், இந்தச் சோதனையை ஜூன் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். மீன்வளத் துறையின் ஆய்வில் கணக்குக் காட்ட எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

முதலில் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் உப்பும் துணியை மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும் என்பதால், நிறம் வெளுத்த இடங்களிலும் தோள்பட்டைத் தையலிலும் இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் விட்டுக்கொடுத்தால் தைத்துச் சமாளிக்காமல் கழித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோமை அழுத்தினால் அது பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லைப்போல் இறுகியிருந்தாலும், நொறுங்கினாலும் அது உதவாது. பிறகு, குழுவில் அதிக எடையுள்ளவர் அதை அணிந்து, துணைக்கு ஆள் நிற்க, மார்பளவு நீரில் இறங்கிக் கால்களைத் தூக்கட்டும். அவருடைய முகவாய் நீருக்கு மேலே நிற்க வேண்டும், ஜாக்கெட் கழுத்துக்கு மேலே ஏறிவிடவும் கூடாது. விசிலும் ஒளி திருப்பும் பட்டையும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். நல்ல ஜாக்கெட்டுகளைக்கூட வலைக் குவியலுக்கு அடியில் திணித்து வைக்கும் பழக்கம் பல படகுகளில் உண்டு. படகு சாயும்போது அங்கே எவராலும் கையை நுழைக்க முடியாது. ஆகவே அவற்றைப் படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸை ஒட்டி, இருட்டிலும் எட்டும் இடத்தில் வையுங்கள். மிதவை வளையத்தையும் முடிச்சுப் போட்டுக் கட்டாமல், கயிற்றுடன் சும்மா மாட்டி வைத்தால்தான் உடனே எடுத்து வீச முடியும்.

ஆபத்தை அறிவிக்கக் கொளுத்தும் சிவப்பு ஒளிக் குச்சிகளுக்கும் பாராசூட் ராக்கெட்டுகளுக்கும் ஆயுள் பொதுவாக மூன்று ஆண்டுகள். அச்சிட்ட காலாவதி நாளைப் பாருங்கள், ஈரம் புகாத பெட்டியில் எஞ்சின் சூட்டுக்கு எட்டாமல் வையுங்கள். காலாவதியானதைச் சோதனைக்கென்றோ திருவிழாவுக்கென்றோ கொளுத்தக் கூடாது. அவசர அழைப்பென்று எண்ணித் தேடுபவர்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

தீயணைப்பானின் அளவுமானி முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். உலர்பொடி வகையெனில் பொடி கட்டியாகிவிடாமலிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வையுங்கள். எஞ்சின் அறைக்குள்ளேயே அதை மாட்டாதீர்கள், தீ அங்கேதான் பிடிக்கும்.

தொலைத்தொடர்புக் கருவிகளுக்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிற படகுகளுடனும் கரையுடனும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவின் வீச்சு ஆன்டெனாவின் உயரத்தையும் அதன் இணைப்புகளையும் பொறுத்தது என்பதால், இணைப்புகளில் பச்சைத் துரு ஏறியிருந்தால் துடையுங்கள் அல்லது மாற்றுங்கள். அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் சோதனைப் பேச்சு வேண்டாம், வேறொரு சேனலில் பக்கத்துப் படகுடன் பேசிப் பாருங்கள். ரேடியோவின் பேட்டரியைப் படகின் அடித்தளத்தில் வைத்திருந்தால் மேலே ஏற்றுங்கள், ஏனெனில் நீர் புகுந்தால் முதலில் மூழ்குவது அதுதான். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி உங்களிடம் இருந்தால், அதன் பேட்டரியின் காலக்கெடுவையும் பதிவு விவரங்களையும் சரிபாருங்கள். அபாயப் பொத்தானை மட்டும் சோதனைக்காக அழுத்த வேண்டாம்.

அடித்தளத்தில் நான்கைந்து குடம் நீர் ஊற்றி, அங்கே தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை ஓட்டுங்கள். வலை நூலும் செதிலும் அடைத்த வடிகட்டியை அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள். இருட்டிய பிறகு விளக்குகளை ஏற்றி, இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் தெரிகின்றனவா என்று கரையில் நின்று பாருங்கள். இழுவலை போடும் படகில், இவை தவிர, மேலே ஒரு பச்சை விளக்கும் அதற்குக் கீழே ஒரு வெள்ளை விளக்கும் எரிய வேண்டும்.

புறப்படும் நாளில், படகின் பதிவு எண்ணையும் செல்வோர் அனைவரின் பெயரையும் எழுதி, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறையின் 1093 ஆகிய எண்களுடன் வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள்.