பிரிட்டன் தோட்டக் குளங்களுக்குக் குளிர் முடிந்து தவளைகள் திரும்பும்போது

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக் குளங்களில் முட்டையிட வரும் தவளை பெரும்பாலும் ஒரே இனம்தான்: ‘காமன் ஃப்ராக்’ எனப்படும் பழுப்புத் தவளை. இரவின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, கூடவே மழையும் தூறினால் கிளம்பிவிடும். தென்மேற்கே கார்ன்வாலில் ஜனவரியிலேயே முட்டை கிடக்கும். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் காலம். ஸ்காட்லாந்தின் வடக்கே ஏப்ரல்வரை ஆகலாம். நம்மூர் மழைக்காலத் தவளைகளைப் போல ஊரே கேட்கக் கத்தாது. தூரத்தில் வண்டி ஓடுவது போன்ற அடங்கிய உறுமல்தான். காது கொடுத்தால்தான் கேட்கும்.

கடுங்குளிருக்குப் பிறகு பலரும் முதலில் பார்ப்பது உயிருள்ள தவளையை அல்ல. பனிக்கட்டி உருகியதும் உப்பிப்போன உடல்கள் மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள், நோய் வந்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அவை மூச்சுத் திணறிச் செத்தவை. தவளைகளில் ஒரு பகுதி, முக்கியமாக ஆண்கள், குளிர்காலத்தைக் குளத்தடிச் சேற்றில் கழிக்கும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தோல் வழியாக இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மேலே பனிக்கட்டி மூடி, அதன்மேல் வெண்பனியும் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. நீருக்குள் இருக்கும் செடிகள் ஆக்சிஜன் விடுவது நின்றுபோகும். அதே நேரம் அடியில் அழுகும் இலைச்சருகு மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அழுகலில் வரும் வாயுக்கள் வெளியேற வழியில்லை. ஆழம் குறைந்து சருகு நிறைந்த குளத்தில்தான் சாவு அதிகம்.

ஆகவே உறைந்த நாட்களில் செய்யவேண்டிய முதல் வேலை, பனிக்கட்டிமேல் படிந்த வெண்பனியைக் கரையில் நின்றபடி நீளத் துடைப்பத்தால் தள்ளிவிடுவது. பனிக்கட்டிமேல் கால் வைக்க வேண்டாம். ஓட்டை போட்டால் கொஞ்சம் வாயு வெளியேறும், ஆனால் அதனால் ஆக்சிஜன் பெரிதாக ஏறிவிடாது. ஓட்டை வேண்டுமென்றால் வெந்நீர் நிறைந்த பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வைத்து உருகவிடுங்கள். சுத்தியலால் உடைத்தால் அதிர்ச்சி நேரே நீருக்குள் போகும். கொதிநீரை ஊற்றுவதும் உப்புப் போடுவதும் கூடவே கூடாது.

செத்தவற்றை வலையால் அள்ளிக் கையுறையோடு புதைத்துவிட்டால் போதும். அதற்காகக் குளத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை. பெண் தவளைகளில் பெரும்பாலானவை மரக்கட்டைக்கு அடியிலும் கல்லிடுக்கிலும் மட்குக் குவியலிலும் குளிர்காலத்தைக் கழித்திருக்கும். அவை வரும்.

சருகை அள்ளுவதும் செடிகளைக் குறைப்பதும் செப்டம்பர், அக்டோபர் வேலை. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், எடுத்ததை ஓரிரு நாள் கரையிலேயே போட்டுவைத்தால் அதிலிருக்கும் பூச்சிகள் நீருக்குத் திரும்பிவிடும். மார்ச்சில் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். அப்போது தொட்டால் முட்டையைத்தான் கலைப்பீர்கள்.

பிப்ரவரியில் கவனிக்க வேண்டியது கரையை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் குளங்களின் சுவர் செங்குத்தாக இருக்கும். உள்ளே குதித்த தவளையால் ஏறி வெளியே வர முடியாது. சொரசொரப்பான பலகை ஒன்றில் கோழிக்கம்பி வலையை அறைந்து, ஒரு முனை நீருக்குள்ளும் மறுமுனை கரையிலும் இருக்குமாறு சாய்த்து வையுங்கள். முட்டையிட அவை தேடுவது வெயில் படும் ஆழமற்ற இடம். குளத்தில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் செங்கற்களை அடுக்கி, நீர்மட்டத்துக்கு 10 முதல் 20 செ.மீ. கீழே ஒரு திட்டு அமையுங்கள். பம்ப் ஓடுகிறது என்றால் நிறுத்திவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு தலைப்பிரட்டைகள் வடிகட்டிக்குள் இழுபட்டுப்போகும்.

நீர் குறைந்திருந்தால் பீப்பாயில் பிடித்த மழைநீரை விடுங்கள். குழாய்நீரில் குளோரினோடு நைட்ரேட், பாஸ்பேட் சத்துகளும் உண்டு. குளோரினை ஒருநாள் வாளியில் வைத்துப் போக்கலாம். சத்துகள் அப்படிப் போகாது. வெயில் ஏறியதும் நூல்பாசியாகத் திரும்பி வரும்.

முட்டைக் கொத்து ஒன்றில் 2,000 முட்டைகள்வரை இருக்கலாம். இட்ட உடனே உள்ளங்கைக்குள் அடங்கும். நீரை உறிஞ்சியதும் பலமடங்கு ஊதிவிடும். கொத்தாக இல்லாமல் சரம்போல நீண்டு செடிகளில் சுற்றிக் கிடந்தால் அது தேரையின் முட்டை. பல்லி போன்ற உருவமும் வாலும் உள்ள நீர்நில உயிரியான நியூட் தன் முட்டைகளை ஒவ்வொன்றாக இலையில் மடித்து வைக்கும்.

முட்டை இட்டபின் உறைபனி திரும்பி வருவது அங்கே வழக்கம்தான். நீருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் முட்டைகள் வெளுத்துச் சாகும். ஆனால் அவையே போர்வைபோல இருந்து கீழே உள்ளவற்றைக் காக்கும். இரக்கப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தால் சூட்டில் சீக்கிரமே பொரித்து, வெளியே உணவும் வெப்பமும் இல்லாத நேரத்தில் குஞ்சுகள் தயாராகி நிற்கும். நீர் வற்றிக் கொத்து கரையில் தட்டிப்போனால் மட்டும் அதே குளத்தின் நீருக்குள் மெல்லத் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு குளத்துக்கு மட்டும் எடுத்துப் போகவே போகாதீர்கள். பக்கத்து வீட்டுக் குளம் வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு வாளி முட்டை கொடுப்பது நல்ல மனசுதான், ஆனால் அந்த வாளியில் ரனாவைரஸும் சேர்ந்து போகலாம். இந்த நோய் கோடையில் தெரியும்: தோல் சிவந்து, புண் வந்து, வளர்ந்த தவளைகள் கூட்டமாகச் சாகும். நீரோடு நியூசிலாந்து பிக்மிவீட் துணுக்கு ஒன்று போனாலும் புதுக் குளம் முழுக்கப் பரவிவிடும். இந்தச் செடியையும் வேறு நான்கு நீர்ச்செடிகளையும் விற்க இங்கிலாந்தில் 2014இலேயே தடை வந்துவிட்டது. புதுக் குளத்துக்குத் தவளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தாமாகவே வந்து சேரும்.

தங்கமீனும் தவளையும் ஒரே குளத்தில் செழிக்கும் என்று நம்ப வேண்டாம். மீன் தலைப்பிரட்டைகளை விழுங்கிவிடும். தவளை வேண்டுமானால் மீனில்லாத குளமே நல்லது.

இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரியும். தலைப்பிரட்டைக்குத் தீனி போட வேண்டியதில்லை. முதல் வாரங்களில் பாசியே உணவு. பிறகு செத்த பூச்சி, புழு எல்லாம் தின்னும். கருங்கூட்டமாக இருந்தவை மே மாதத்தில் திடீரென்று குறையும்: நீருக்குள் வளரும் தட்டான்பூச்சிப் புழுக்கள், நியூட்டுகள், பறவைகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு கொத்திலிருந்து சில குஞ்சுகள் கரையேறினாலே அந்தக் குளம் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முட்டையிலிருந்து வெளிவந்த 12 முதல் 16 வாரத்தில், பெரும்பாலும் ஜூன் ஜூலையில், விரல்நகம் அளவுக் குட்டித் தவளைகள் மழைநாளாகப் பார்த்து வெளியேறும். குளத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை வளரவிடுங்கள். மற்ற இடத்தில் புல்வெட்டியை ஓட்டுமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். ஈரம் காய்ந்த நடுப்பகலில் வெட்டுவது அவற்றுக்குப் பாதுகாப்பு. ஓடில்லா நத்தைகளுக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணையைத் தோட்டத்தில் பயன்படுத்த 2022 முதல் தடை இருக்கிறது. பழைய டப்பா கொட்டகையில் கிடந்தால் உள்ளூராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள். அந்த நத்தைகளைத் தின்னத்தான் தவளை இருக்கிறதே.

இலையுதிர் காலத்தில் நிழலான மூலையில் கட்டைகளையும் கற்களையும் இடைவெளி விட்டுக் குவித்து வையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச்வரை அந்தக் குவியலைப் பிரிக்கவோ, மட்குக் குவியலில் முள்கருவியைக் குத்திக் கிளறவோ வேண்டாம்; அதற்குள் தவளை உறங்கிக்கொண்டிருக்கும்.