ஜீப் கிரவுனில் தண்ணீர் ஏறியதா? நாலு சொட்டில் தெரிந்துவிடும்

மழைக்காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் பள்ளத்துத் தண்ணீரைக் கடந்து வந்த ஜீப்பை இரவு முழுக்கச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், கிரவுன் ஹவுசிங்கின் (சக்கர அச்சின் நடுவே பல்சக்கரங்களும் ஆயிலும் இருக்கும் பெட்டி) அடியில், ஆயிலை வடிக்க உள்ள ட்ரெயின் நட்டை மெல்லத் தளர்த்தி, நாலு சொட்டைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள்.

சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் (காற்றுப் போக்குத் துளை) வழியாகவோ சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் அடியில் தங்கி, முதலில் அதுதான் சொட்டும். சுத்தமான ஆயில் வந்தால் நட்டை இறுக்கிவிடலாம், ஆயில் செலவு மிச்சம். தண்ணீர் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஆயிலை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பேரிங் துருப்பிடித்துக் கெட்டுவிடும்.

ஆயில் ஏற்கெனவே பால்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் இந்த வழி உதவாது. கலந்த தண்ணீர் பிரிந்து அடியில் இறங்காது; நேராக முழு ஆயிலையும் மாற்ற வேண்டியதுதான்.