மேகங்களைப் பார்த்து வானிலையைக் கணிப்பது எப்படி?

வானத்தில் இப்போது எந்த மேகம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், கடந்த சில மணி நேரத்தில் அது எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதே வரப்போகும் வானிலையைத் தெளிவாகச் சொல்லும். ஆகவே, வானத்தின் ஒரே பகுதியை அரை மணிக்கு ஒருமுறை கவனிக்கும் பழக்கம் முதலில் வேண்டும். பெயர்கள் கடினமானவை அல்ல. 1802-இல் ஆங்கிலேய வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்ட் மேகங்களைக் கீற்று (இழை போன்றது), திரள் (குவியல் போன்றது), படை (விரிப்புப் போன்ற அடுக்கு) என வகுத்தார். இன்று வழக்கிலுள்ள பத்து வகைகளும் அந்த அடிப்படையில் விரிந்தவையே.

உயரத்தில் பனித்துகள்களால் ஆன கீற்று மேகங்கள் ஆங்காங்கே இழையோடினால் அவற்றிலிருந்து மழை வராது. ஆனால் அவை அடர்ந்து, வானம் முழுவதும் பால் நிற மென்திரையாகப் பரவி, சூரியனையோ நிலவையோ சுற்றி ஒளிவட்டம் தோன்றினால் கவனிக்கத் தொடங்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்காமல் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வட்டத்தைத் தேடுவது நல்லது. அடுத்து மேகம் தாழ்ந்து சாம்பல் நிறமாகி, சூரியன் மங்கித் தெரிந்து, தரையில் நிழல் விழாமல் போனால், அது இடைப்படை மேகம். அதைத் தொடர்ந்து வரும் கார்படை மேகம் மணிக்கணக்கில் சீரான மழையைத் தரும். மிதவெப்ப மண்டலங்களில் இந்த வரிசை பெரிதும் நம்பத்தக்கது. வெப்பமண்டலத்தில் இதை மட்டும் நம்பியிருப்பது சரியாகாது, ஏனெனில் அங்கே மழையின் பெரும்பங்கு திரள் மேகங்களிலிருந்தே வருகிறது.

சிறு திட்டுகளாகப் பரவிய மேகங்களில் குழப்பம் வந்தால், கையை முழுதாக நீட்டி, தலைக்கு மேலுள்ள ஒரு திட்டை விரலால் அளக்கலாம். சுண்டுவிரலுக்குள் மறைந்தால் கீற்றுத்திரள். மூன்று விரல் அகலத்திற்குள் அடங்கினால் இடைத்திரள். அதையும் மீறினால் தாழ்வான படைத்திரள், அதில் பெரும்பாலும் தூறலுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அதிகக் கவனம் தேவைப்படுவது திரள் மேகத்திற்குத்தான். அகலத்தைவிட உயரம் குறைந்து, தட்டையான அடியுடன் மிதக்கும் திரள்கள் நல்ல வானிலையின் அடையாளம். அவையே முற்பகலிலேயே கோபுரமாக எழும்பத் தொடங்கினால், பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்புண்டு. உச்சியின் விளிம்பைப் பாருங்கள்: காலிஃபிளவர் போலக் கூர்மையாகத் தெரியும்வரை அது வளர்ந்துகொண்டிருக்கிறது, விளிம்பு நார்நாராகக் கலைந்து பக்கவாட்டில் விரிந்தால், உச்சி உறைந்து கார்திரள் மேகமாகிவிட்டது என்று பொருள். மின்னல், ஆலங்கட்டி, பலத்த காற்று மூன்றையும் தரவல்லது இந்த ஒன்றே. திடீரெனக் குளிர்ந்த காற்று வீசினால் மழை மிக அருகில் வந்துவிட்டது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அந்த இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் விலகி, தெளிந்த வானத்தின் கீழும் மின்னல் இறங்கக்கூடும்.