தாழ்த்திய பிரீமியர் பத்மினி காருக்கு அகல ரிம்: மலைப்பாதைக்கு அளவெடுக்கும் முறை

கோவையில் எங்கும் உரசாமல் ஓடும் ரிம், ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபெண்டரில் தேய்ந்து டயரை அறுத்துவிடும். மலையில் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பியிருக்கும் அதே நேரத்தில் வெளிப்பக்க ஸ்பிரிங்கும் அமுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் டயருக்கு இடம் போதுவதில்லை. கடையில் நேராக நிற்கும் வண்டியில் விரலை விட்டுப் பார்த்து ரிம் வாங்கினால் இதுதான் நடக்கும்.

வண்டியைத் தாழ்த்தும் வேலையை முடித்துவிட்டே ரிம்முக்கு அளவெடுங்கள். ஊட்டி, கோத்தகிரி எஸ்டேட் சாலைகளுக்கு 25 முதல் 30 மி.மீ. இறக்கம் போதும், அதற்கு மேல் போனால் கல்வெர்ட் விளிம்பில் ஆயில் சம்ப் அடிபடும். முன் காயில் ஸ்பிரிங்கை வெட்டினால், ஜாக்கியில் தூக்கும்போது அது தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அந்த ஸ்பிரிங் வேண்டாம். பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) வளைவைப் பட்டைக் கடையில் இறக்கும்போதே, பட்டை முனையின் ஷாக்கிள் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷில் ஆக்சில் பக்கவாட்டில் நகரும். நீங்கள் எடுத்த அளவும் அதோடு நகர்ந்துவிடும்.

ரிம் கணக்கில் பலரும் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆஃப்செட்டையும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பதையும், சேர்த்துப் பாருங்கள். உதாரணமாக, 4.5 அங்குலம், ஆஃப்செட் 30 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 6 அங்குலம், ஆஃப்செட் 20 போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூடும் அகலம் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ.; பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 10 குறைவதால் உள்ளே 9 மி.மீ. மட்டுமே போகும், வெளியே 29 மி.மீ. தள்ளும். உள்ளே இடம் இருக்க, வெளியே ஃபெண்டர் உதடு மாட்டிக்கொள்ளும். ஆஃப்செட்டைக் குறைக்கக் குறைக்க ஸ்டீயரிங் கனக்கும், பள்ளத்தில் கையை இழுக்கும், வீல் பேரிங்கில் சுமை ஏறும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இது சின்ன விஷயமல்ல. குன்னூர் மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிறவருக்கு 5.5 அங்குலமே தாராளம். 6 பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

டயரில், கம்பெனி அளவான 5.20-14க்குப் பதிலாக 175/65 ஆர்14 போட்டால் விட்டம் ஏறத்தாழ 583 மி.மீ., 185/60 ஆர்14 என்றால் 578. பழைய டயரின் விட்டத்தைக் காற்று நிரப்பி டேப்பில் அளந்து ஒப்பிடுங்கள். விட்டத்தில் குறைவதில் பாதி, தரை இடைவெளியில் குறையும். ரேடியல் டயரையும் (அளவில் 'ஆர்' என்று இருக்கும்) பழைய கிராஸ்பிளை டயரையும் கலந்து ஓட்டக் கூடாது.

இனி முக்கியமான சோதனை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் வைத்து முன் காயிலைக் கழற்றி, டயரோடு புது ரிம்மை மாட்டி, கீழ் ஆர்மை பம்ப் ஸ்டாப் (ஆர்ம் மேலே போகும் எல்லையில் உள்ள ரப்பர்) தொடும்வரை ஜாக்கியால் உயர்த்துங்கள். அந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஃபெண்டரின் முன் விளிம்பு, அதன் கீழ்ப் பின் மூலை, ஸ்டீயரிங் ராட் எண்ட், பிரேக் ஹோஸ் ஆகிய நான்கையும் கவனியுங்கள். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் உரசக் கூடாது. மற்ற இடங்களில் உள்ளே 8 முதல் 10 மி.மீ., வெளியே 5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

பின்பக்கம் பட்டையைக் கழற்றிச் சோதிப்பது வீண் உழைப்பு. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றி, ஒரு சக்கரத்தை மட்டும் 15 செ.மீ. உயரக் கட்டையில் மெதுவாக ஏற்றுங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச்சின் உள்ளே முன்கூட்டியே களிமண் ஒட்டி வைத்தால், நசுங்கிய பின் மிஞ்சிய தடிப்பே உங்கள் இடைவெளி. மறுபக்கமும் செய்யுங்கள், பழைய பாடி இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஃபெண்டர் உதட்டை வெட்டாதீர்கள். இரண்டு தகடு சேரும் இடம் அது, வெட்டினால் தையல் பிரிந்து தண்ணீர் இறங்கும். நீலகிரி ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, ரோலரால் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குங்கள். ஏற்கெனவே பட்டி பூசிய ஆர்ச் விரிசல் விடும். டிங்கரிடம் முதலிலேயே தட்டிக் காட்டுங்கள். மடக்கிய பின் எபாக்ஸி பிரைமர், சீலர், உள்ளே மெழுகு.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. சோதனைச்சாவடியில் முதலில் கண்ணில் படுவதும் துருத்திய டயர்தான். இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தும்போது போல்ட் இடைவெளி வட்டத்தை (போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) அளக்காமல் ரிம் வாங்காதீர்கள். 98 மி.மீ. ஹப்புக்கு 100 மி.மீ. ரிம் 'கிட்டத்தட்ட' பொருந்தும், இறுகவும் செய்யும். ஆனால் போல்ட் கோணலாக உட்கார்ந்து, கொஞ்ச நாளில் தளரும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பை விடப் பெரிதானால் அந்த இடைவெளியை அடைக்கும் சென்டர் ரிங் போடுங்கள். போல்ட் எம்12 (12 மி.மீ. தடிமன்), 1.25 மி.மீ. மரை என்றால் கையால் குறைந்தது 10 சுற்று ஏற வேண்டும். அதிக நீளமான போல்ட் பிரேக் டிரம்மின் உள்ளே போய் ஷூவில் இடிக்கும். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முறுக்கு விசைக்கு வண்டியின் மேனுவலே அளவுகோல். 50 கி.மீ. ஓட்டி, ஹப் ஆறிய பின் மீண்டும் முறுக்குங்கள். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம் என்றால், அதற்கான பழைய போல்ட் நான்கையும் டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

கடைசியில் டோ அலைன்மென்ட். வண்டி தாழ்ந்ததில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) இரண்டுமே மாறியிருக்கும். காற்றழுத்தத்தை ஊட்டியிலேயே காலையில் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நிரப்பிய டயர் குளிரில் சுமார் 4 பி.எஸ்.ஐ. இறங்கும், 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூட்டியும் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று விட்டுவிடாமல், வண்டி ஓடும் இடத்திலேயே கேஜ் வைத்து நிரப்புங்கள்.