காலை மட்டும் வெட்டாதீர்கள்: பிளாஸ்டிக் குதிரைக்கு உயிரூட்டுவதில் நேரும் தவறுகள்

பெங்களூரு ஜே.சி. நகரில் மைசூர் லான்சர்ஸ் நினைவுத் தூண் இருக்கிறது. 1918 செப்டம்பர் 23 அன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவில் ஈட்டி ஏந்திப் பாய்ந்த குதிரைப்படை அது. அந்தப் பாய்ச்சலை 1:32 அளவில், அதாவது உண்மை உருவில் 32இல் ஒரு பங்காக, என் அல்சூர் வீட்டு மேசையில் அமைக்க ஆசைப்பட்டேன். வாங்கிய பிளாஸ்டிக் மாடல் பெட்டியிலோ ஒரே அச்சில் வார்த்த குதிரைகள். எல்லாமே ஒரே காலைத் தூக்கி நின்றன. வெட்டி வளைத்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதில் பெரிய தவறு, முழங்காலில் ரம்பத்தை வைத்துக் காலை மட்டும் மாற்றுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கால் முன்னே நீண்டது. குதிரை ஓடவில்லை, இடறி விழுவதுபோல் இருந்தது. குதிரைக்குக் காறையெலும்பு, அதாவது நமக்குக் கழுத்தடியில் தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு, கிடையாது. அதன் தோள் எலும்பை உடலோடு பிணைத்திருப்பவை தசைகளே. முன்னங்கால் முன்னே போகும்போது தோள் எலும்பின் கீழ்முனை முன்னால் எழும், மேல்முனை பின்னால் சாயும். ஆகவே வெட்டு தோளிலிருந்தே தொடங்க வேண்டும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. அவற்றில் ஒன்றைத் தூக்கினால் கழுத்தும் தலையும் அதற்கேற்ப நகர்ந்தாக வேண்டும். ரேஸ்கோர்ஸில் பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே ஒரு மாலை முழுவதும் கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

மூட்டுகளைத் தவறாகப் புரிந்துகொள்வதும் இதோடு சேர்ந்ததே. முன்னங்காலில் நாம் முழங்கால் என்பது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பானது. பின்னங்காலில் பின்புறம் துருத்தி நிற்பது குதிகால். அந்த இரண்டுக்கும் கீழே சதை இல்லை. எலும்பும் தசைநாண்களும் மட்டுமே. அங்கே எபாக்ஸி மக்கை (கலந்து அப்பினால் இறுகும் நிரப்புப் பொருள்) தடிமனாக அப்பினால் யானைக்கால் ஆகிவிடும். வளைவின் உட்புறத்தில் ஆப்பு வடிவில் சிறிது வெட்டி எடுத்து மடக்குங்கள், உள்ளே மெல்லிய கம்பி செருகுங்கள், வெளிப்புற இடைவெளியை மட்டும் நிரப்புங்கள். முடித்ததும் வெட்டாத காலோடு கவராயத்தால் அளந்து பாருங்கள். எலும்பின் நீளம் மாறியிருக்கக் கூடாது.

பாய்ச்சலுக்குப் பழைய ஓவியங்களை நம்பாதீர்கள். நான்கு கால்களும் முன்னும் பின்னும் விரிந்து பறக்கும் அந்த நிலை உண்மையில் இல்லை. 1878இல் ஒளிப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள் அதைக் காட்டிவிட்டன: குளம்புகள் எல்லாம் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். நம் ஐயனார் கோயில் மண்குதிரைகளின் அழகு வேறு. அவை உயிர்க்குதிரையை நகலெடுக்க வந்தவை அல்ல.

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் பசையை எடுப்பது அடுத்த தவறு. பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தில் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீருக்குள் அழுத்திவிடுங்கள். பாலிஸ்டைரீன் மூழ்கும், மாடல் பசை அதை உருக்கி ஒட்டும். மிதந்து மேலே வந்தால் அது பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் அந்தப் பசை பிடிக்காது, வண்ணமும் உரியும். எதுவானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

முதுகிலும் வயிற்றிலும் ஓடும் இணைப்புக் கோட்டை முற்றிலும் தேய்த்து நிரப்பிய பிறகே வண்ணத்தைத் தொடுங்கள். செம்பழுப்புக் குதிரைக்குப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி மூன்றும் கறுப்பாக இருந்தால், காதின் விளிம்பிலும் கறுப்பு வேண்டும். சுத்தக் கறுப்பு தட்டையாகத் தெரியும், கரும்பழுப்பு கலந்துகொள்ளுங்கள். பளபளக்கும் வார்னிஷ் இந்த அளவில் பொம்மைத்தனத்தைத் தரும்.

கடைசியாகக் கண். 1:32இல் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மனிதக் கண்போல் வெள்ளை தீட்டிக் கருவிழி வைத்தால் குதிரை மிரண்டு நிற்கும். அமைதியான குதிரையின் கண்ணில் வெள்ளை பெரும்பாலும் தெரியாது. கரும்பழுப்பால் முழுவதும் நிரப்பி, காய்ந்ததும் கண்ணில் மட்டும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வையுங்கள்.