குருவி போட்டோவுக்கு ஒரு கிலோ அரிசி போதும்

தோட்டத்துல தரையில மேயுற பறவைய எடுக்க ட்ரைபாட் வேணாம், பழைய மஞ்சப்பையில ஒரு கிலோ அரிசிய போட்டு வாய இறுக்கி கட்டி மண்ணுல வச்சு அது மேல கேமராவ அமுக்கி வச்சிட்டு நீங்களும் குப்புற படுத்துடுங்க. போன்னா தலைகீழா பிடிங்க, லென்ஸ் தரைக்கு ரெண்டு இன்ச் மேல வந்துடும்.

நின்னுக்கிட்டு எடுத்தா தவிட்டுக்குருவிக்கு பின்னாடி அது கிளறுற சருகும் கல்லும்தான் வரும், அதுவும் ஷார்ப்பா. குருவியோட கண் மட்டத்துக்கு இறங்கிட்டா பின்னாடி வர்றது இருபது அடி தள்ளி இருக்குற வேலி, அதனால சாதா 55-250 எம்எம் ஜூம் லென்ஸ்ல முழு ஜூமான 250ல வச்சு எஃப் 5.6ல (லென்ஸ் துவாரத்தோட அளவு) எடுத்தாலே பின்னணி வழுவழுன்னு கரைஞ்சிடும், பெரிய லென்ஸுக்கு காசு போட வேணாம். அரிசி கேமரா ஷேப்புக்கு அமுங்கிக்கிறதால ஆட்டமும் இல்ல.

புல்லு கணுக்காலுக்கு மேல வளந்திருந்தா இது ஆகாது, பறவைய மறைச்சிடும். மரத்துல உக்காந்திருக்குறதுக்கும் பிரயோஜனமில்ல, வெறும் வயிறுதான் தெரியும். மதிய வெயில்ல தரைய ஒட்டி கானல் அலையடிக்கும், ஃபோகஸ் சரியா இருந்தாலும் படம் கொழகொழன்னுதான் வரும், காலையில எட்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க. படுக்குறதுக்கு முன்னாடி எறும்பு புத்து இருக்கான்னு பாத்துக்கோங்க.